காலை 6:45 மணி வியாபாரக் குழு: தொடரலாமா, விட்டுவிடலாமா?

மிட்ராண்ட் மின்கம்பி (செவ்வாய், இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் எலக்ட்ரிக்கல் வேலை எடுத்துச் செய்கிறேன். என்னோடு சேர்த்து நான்கு பேர், இரண்டு பக்கி. (பக்கி என்றால் இங்கே பிக்கப் வண்டி. ஊரிலிருந்து படிப்பவர்கள் யாரையோ திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.)

2023-ல் எனக்கு வாடிக்கையாளர் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. லோட்ஷெடிங் (முறை வைத்து வெட்டுகிற மின்வெட்டு) ஸ்டேஜ் 6 வரை போனது, இன்வெர்ட்டர் மாட்டச் சொல்லி போன் ஓயாது. சோலார் பேனல் வாங்கும் தனிநபருக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட் வரிச்சலுகை வேறு. அந்தச் சலுகை 2024 பிப்ரவரியோடு முடிந்தது. அதே ஆண்டு மார்ச் 26-ஓடு மின்வெட்டும் நின்றது. அப்புறம் என் போனும் நின்றுவிட்டது. நாடு முழுக்க விளக்கு எரிகிறது, நம் வீட்டில்தான் இருட்டு என்று மனைவி சொல்வாள். கிண்டலா கவலையா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு வாடிக்கையாளர் என்னை ஒரு வியாபாரக் குழுவுக்கு அழைத்துப் போனார். வியாழன்தோறும் காலை 6:45-க்கு ஒரு ஹோட்டல் அறையில் கூடுவார்கள். இருபத்தைந்து பேர் இருப்போம். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று பேச வேண்டும். வாரம் ஒருவருக்குப் பத்து நிமிடம். கடைசியில் யார் யாருக்கு வேலை அனுப்பினார்கள் என்று சுற்றி வந்து சொல்வார்கள், கைதட்டுவார்கள். ஆண்டுக் கட்டணம் 9,000 ராண்ட். காலை உணவுக்குத் தனியாக வாரம் 120.

பதினோரு மாதம் ஆகிறது. வந்த பரிந்துரை மொத்தம் ஐந்து. இரண்டு பேருக்கு போன் போட்டால் "யார் நீங்கள், யார் நம்பர் கொடுத்தது?" என்று கேட்டார்கள். ஒருவருக்கு ஒரே ஒரு பிளக்கை இடம் மாற்ற வேண்டும். ஒரு நல்ல வேலை வந்தது, 38,000 ராண்ட். ஐந்தாவது ஆள் இன்றுவரை "அடுத்த வாரம்" என்கிறார்.

இன்னும் ஐந்து வாரத்தில் புதுப்பிக்க வேண்டும். குளிர்காலத்தில் ஐந்தரைக்கு எழுந்து, கண்ணாடியில் பனியைச் சுரண்டி, என்1 நெடுஞ்சாலை நெரிசலில் போய்க் கைதட்டிவிட்டு வருவதற்கு இது போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஃபோர்ட்ஸ்பர்க் மளிகை (செவ்வாய், இரவு 10:05)

போதாது. ஓடி வந்துவிடுங்கள் அண்ணா.

நானும் ஒருமுறை விருந்தாளியாகப் போயிருக்கிறேன். அறையில் இருபது பேர். இருபது பேரும் விற்க வந்தவர்கள், வாங்க வந்தவர் ஒருவர்கூட இல்லை. ஒரு இன்ஷூரன்ஸ்காரர், ஒரு வெப்சைட் செய்பவர், ஒரு லைஃப் கோச். மூன்று பேரும் என் கடைக்குப் பின்னாலேயே வந்தார்கள். என் மிளகாய்த்தூளை ஒருவரும் வாங்கவில்லை.

பேரேடு (புதன், காலை 6:20)

நான் ராண்ட்பர்கில் கணக்கு எழுதும் தொழில். இதே மாதிரிக் குழு ஒன்றில் நான்கு ஆண்டாக இருக்கிறேன். மளிகை அண்ணன் சொன்னது முக்கால்வாசி சரி. அந்த அறையில் வாங்குபவர் இல்லைதான். ஆனால் அந்த அறையே வாங்குபவருக்காக ஏற்பட்டதில்லை.

இந்த முறை புதிதும் இல்லை. ரோட்டரி 1905-ல் சிகாகோவில் நான்கு பேரோடு ஆரம்பித்தது. வாரம் ஒருவர் அலுவலகம் என்று சுழற்சியில் கூடியதால்தான் அந்தப் பெயரே வந்தது. நம் ஜோகன்னஸ்பர்குக்கு அது 1921-லேயே வந்துவிட்டது. ரோட்டரி பிறகு சேவைப் பக்கம் போனது. வியாபாரப் பரிந்துரையை மட்டுமே வைத்து 1985-ல் கலிபோர்னியாவில் ஐவன் மைஸ்னர் என்பவர் பி.என்.ஐ.யைத் தொடங்கினார். ஒரு தொழிலுக்கு ஒருவர், வாரா வாரம் கட்டாயம், பரிந்துரைக்குக் கணக்கு என்று இன்று பல குழுக்கள் பின்பற்றுகிற வழக்கத்துக்கு அதுதான் அச்சு.

அதன் கணக்கு எளிது. இருபத்தைந்து பேரும் உங்களிடம் வாங்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் தன்னை நம்புகிற நூறு இருநூறு பேர் இருப்பார்கள். அந்த நூறில் ஒருவர் வாய் திறந்து ஒரு தொல்லையைச் சொல்லும்போது உங்கள் ஆளுக்கு உங்கள் ஞாபகம் வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆகவே ஒரு கேள்வி. அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் என்ன பேசுகிறீர்கள்? வார்த்தை மாறாமல் இங்கே எழுதுங்கள் பார்ப்போம்.

மிட்ராண்ட் மின்கம்பி (புதன், மதியம் 1:15)

சிரிக்கக் கூடாது.

"வணக்கம். வீடு, கடை, அலுவலகம், தொழிற்சாலை என எல்லா வகையான எலக்ட்ரிக்கல் வேலைகளையும் தரமாகவும் நியாயமான விலையிலும் செய்து தருகிறோம். சோலார், இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், கேட் மோட்டார் எல்லாம் உண்டு. யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள்."

வாரா வாரம் இதுதான். சில வாரம் கேட் மோட்டாரை முதலில் சொல்வேன்.

சாட்ஸ்வொர்த் அக்கா (புதன், இரவு 8:30)

தம்பி, சிரிக்கவில்லை. நானும் இதேபோலத்தான் ஒரு வருஷம் கத்தினேன்.

நான் டர்பனில் சமையல் காண்ட்ராக்ட். இங்கேயே பிறந்தவள், தமிழ் கோயில் வகுப்பில் படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "கல்யாணம், பிறந்தநாள், ஆபீஸ் பார்ட்டி, எல்லாச் சமையலும் செய்வோம்" என்று எழுந்து சொல்வேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒரு பானை பிரேயாணிக்குக்கூட ஆர்டர் வராது. எப்படி வரும்? டர்பனில் யாருக்கு சமையல்காரர் தெரியாது? எல்லாருக்கும் ஒரு ஆன்ட்டி இருக்கிறாள்.

ஒருநாள் கோபத்தில், "எனக்குக் கல்யாணமே வேண்டாம். துக்க வீட்டுக்குப் பதினாறாம் நாள் சாப்பாடு, சுத்த சைவம், 80 பேருக்குள், இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் குழுவில் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்கிற ஒருவர் உண்டு. ஒரு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து முட்டை சாப்பிட்ட மனுஷன். அன்றைக்குத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். "இதை ஏன் முன்பே சொல்லவில்லை? வாரத்துக்கு மூன்று குடும்பம் என்னிடம் இதைக் கேட்கிறது" என்றார்.

துக்க வீட்டில் நன்றாகச் சாப்பாடு போட்டால் அந்தக் குடும்பம் மறக்காது. கல்யாணமும் அப்புறம் அங்கிருந்தே வந்தது. நான் கேட்காமலே.

நீ "எல்லாம்" என்று சொல்கிறாய். எல்லாம் என்றால் கேட்கிறவர் மனசில் ஒரு முகமும் வராது.

பேரேடு (புதன், இரவு 9:02)

அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் மட்டும் என்ன? முதல் ஆண்டு முழுக்க "வரி, கணக்கு, ஆடிட்" என்றேன். ஒருநாள் "சார்ஸிலிருந்து (வரித்துறை) கடிதம் வந்து, அதைப் பிரிக்காமல் டிராயரில் வைத்திருக்கும் நண்பர் யாருக்காவது இருக்கிறாரா?" என்று கேட்டேன். மூன்று பேர் கை தூக்கினார்கள். ஒருவர் தன்னையே சொன்னார்.

பீனிக்ஸ் தம்பி (புதன், இரவு 11:10)

மின்கம்பி அண்ணா, உங்கள் குழுவில் வீடு விற்கும் ஏஜென்ட் இருக்கிறாரா? சொத்து மாற்றம் பார்க்கிற வக்கீல்?

நான் அப்படி ஒரு வக்கீல் அலுவலகத்தில்தான் கோப்பு தூக்குகிறேன், அதனால் கேட்கிறேன். இந்த நாட்டில் வீடு கைமாறும்போது எலக்ட்ரிக்கல் சிஓசி, அதாவது வயரிங் ஒழுங்காக இருக்கிறது என்ற சான்றிதழ், கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு மேல் பழையதாக இருந்தால் செல்லாது. எலக்ட்ரிக் வேலி இருந்தால் அதற்கு ஒன்று, கேஸ் இருந்தால் அதற்கு ஒன்று, எங்கள் கடற்கரைப் பக்கம் மரத்தை அரிக்கிற வண்டுக்கு ஒன்று. விற்றவர் கடைசி வாரம்வரை சும்மா இருப்பார். பிறகுதான் "ஐயோ சிஓசி" என்று எல்லோரையும் உலுக்குவார். ஏஜென்டுக்கு கமிஷன் தொங்கும், வக்கீலுக்குப் பதிவு தொங்கும். அந்த நேரத்தில் வந்து நிற்கிற எலக்ட்ரீஷியன்தான் கடவுள்.

அந்த வேலையே பெரிய காசு இல்லை. ஆனால் டிபி போர்டை (வீட்டு மின்சாரத்தைப் பிரித்துவிடும் பெட்டி) திறந்து பார்த்தால் உள்ளே என்னென்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? வீட்டை வாங்கி வருகிறவரும் புது ஆள். அவருக்கு ஊரில் எலக்ட்ரீஷியன் என்று உங்களை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

மிட்ராண்ட் மின்கம்பி (வியாழன், காலை 9:30)

இருக்கிறார்! ஏஜென்ட் அம்மா ஒருவர், பதினோரு மாதமாக எதிர் வரிசையில். குட் மார்னிங்கைத் தவிர ஒன்றும் பேசியதில்லை. வக்கீலும் உண்டு. நான் பேசுவது முழுக்க என் பக்கத்தில் உட்காருகிற பிளம்பரிடம்தான். அவரும் நம்மைப்போல் காலையில் எழுந்ததைச் சபிக்கிற ஆள்.

இன்று காலை கூட்டத்தில் கேட் மோட்டாரை எடுத்துவிட்டு சிஓசி பற்றி மட்டும் சொன்னேன். அந்தம்மா குறித்துக்கொண்டார். வேறொன்றும் நடக்கவில்லை.

பேரேடு (வியாழன், காலை 10:15)

ஒரு நிமிடத்தில் நடக்காது. அது கதவு தட்டுகிற சத்தம் மட்டும்தான். அந்தம்மாவைத் தனியாக ஒரு காபிக்குக் கூப்பிடுங்கள், ஒரு மணி நேரம் போதும். உங்களைப் பற்றிப் பேசப் போகாதீர்கள். அவர் கடைசியாக விற்ற மூன்று வீடுகளில் எது எங்கே மாட்டிக்கொண்டது என்று கேளுங்கள். அவருக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் வீட்டை விற்க யோசிக்கிறவர் யார் என்று உங்களுக்கு அவரைவிட முன்பே தெரியும். "இதற்குமேல் இந்த வீட்டில் செலவு செய்ய மாட்டேன்" என்று உங்களிடம்தானே சொல்வார்கள்.

என் கணக்கில், குழுவில் வந்த வேலையில் பாதிக்கு மேல் இப்படித் தனியாக உட்கார்ந்த ஆறு பேரிடமிருந்து வந்தது. மீதிப் பத்தொன்பது பேர் நல்லவர்கள். நன்றாகக் கைதட்டுவார்கள்.

லெனேசியா வாத்தியார் (வியாழன், மாலை 5:45)

எனக்கு ஒன்று புரியவில்லை. 9,000 ராண்ட் கொடுத்து முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஏன் நிற்க வேண்டும்? நமக்குக் கோயில் இல்லையா, சங்கம் இல்லையா? நூறு ஆண்டுக்கு முன்னால் தம்பி நாயுடு தலைவராக இருந்த தமிழ் பெனிஃபிட் சொசைட்டி இதே ஜோகன்னஸ்பர்கில்தானே இருந்தது? நம்மவர் நம்மவருக்குச் செய்தாலே போதும்.

சாட்ஸ்வொர்த் அக்கா (வியாழன், இரவு 7:50)

வாத்தியார் ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். நம்மவர்கள் எனக்கு வேலை கொடுப்பார்கள். காசு கொடுக்க மாட்டார்கள். "அக்கா, நம்ம கோயில்தானே" என்பார்கள். ஆடி மாசக் கஞ்சிக்கு நான் காசு கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன், அது மாரியம்மனுக்கு. ஆனால் அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு அதே கணக்கில் மகளின் நிச்சயதார்த்தத்துக்கும் கேட்டால் என்ன செய்வது? குழுவில் அந்தத் தொல்லை இல்லை. எல்லாரும் கொட்டேஷன் கேட்பார்கள், எல்லாரும் கட்டுவார்கள்.

ஃபோர்ட்ஸ்பர்க் மளிகை (வியாழன், இரவு 8:01)

என் கடைக் கடன் நோட்டை இங்கே போட்டால் வாத்தியார் சங்கத்தைப் பற்றிப் பேசமாட்டார்.

பேரேடு (வியாழன், இரவு 8:40)

இதில் இன்னொரு கோணமும் உண்டு. கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர் பாஸ்டன் பக்கத்தில் வேலை மாறியவர்களை விசாரித்து 1973-ல் எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6. மிக அரிதாகச் சந்திப்பவர்கள் 27.8. நமக்கு நெருக்கமானவருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். தள்ளி இருப்பவரிடம்தான் புதுச் செய்தி கிடைக்கும்.

மெல்ரோஸ் கோயிலில் நான் பார்க்கும் ஐம்பது பேருக்கும் அதே ஐம்பது பேரைத்தான் தெரியும். குழுவில் என் பக்கத்தில் இருக்கிற ஆஃப்ரிகான்ஸ்காரப் பூட்டுக்காரருக்குத் தெரிந்தவர் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. எனக்கு அதனால்தான் அவர் வேண்டும்.

தேவகோட்டைப் பேரன் (வெள்ளி, காலை 7:30)

வாத்தியார் சொன்னதையும் அடியோடு தள்ள முடியாது. எங்கள் பாட்டையா ரங்கூனில் வட்டிக் கடையில் இருந்தவர். அங்கே மொகல் தெருவில் இருந்த கோயிலில் செட்டியார்கள் கூடி நடப்பு வட்டி இவ்வளவு என்று முடிவு செய்வார்கள். ஒரு கடைக்காரர் இன்னொருவருக்குப் பணம் கொடுத்தால் அந்த வட்டிதான் அடிப்படை. ஆகக் கோயிலும் வியாபாரமும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறது. ஆனால் அது "நம்ம ஆள்தானே" என்று விட்டுக்கொடுத்த கூட்டம் இல்லை. கணக்கு ஒரு பைசா பிசகினால் மறுநாள் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பயம்தான் நாணயம். நம் சங்கங்களில் அது இல்லை, குத்துவிளக்கு மட்டும்தான் இருக்கிறது.

என் ஆபீஸில் வேலை செய்கிற சூலூ அம்மாக்கள் வைத்திருக்கிற ஸ்டொக்வெல்லில் அதை நான் பார்க்கிறேன். நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான். மாதம் ஒரு வீட்டில் கூடுவார்கள், சாப்பாடு உண்டு, பாட்டு உண்டு, ஆனால் தாமதமாகக் கட்டினால் அபராதம் உண்டு. வராவிட்டாலும் அபராதம். சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்.

நெறியாளர் (வெள்ளி, காலை 8:00)

இழையில் போன் நம்பர் போட வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். தனிச்செய்தியில் பேசிக்கொள்ளுங்கள். தம்பி நாயுடு பற்றித் தனி இழை தொடங்கலாம், வாத்தியார் ஐயா. இங்கே வேண்டாம்.

துணிக்கடை துளசி (வெள்ளி, பகல் 11:25)

நான் ஆறு மாதத்தில் விலகியவள், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தையலும் பிளவுஸும்தான் தொழில். காலை 6:45 என்று வைத்தவர்கள் வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை யார் கிளப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டில் நான்தான். மூன்று முறை தவறினால் பெயரை எடுத்துவிடுவோம் என்றார்கள். நான்காவது முறைக்கு நானே எடுத்துக்கொண்டேன். இப்போது மாதம் ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்குக் கூடும் பெண்கள் குழு ஒன்றில் இருக்கிறேன். பரிந்துரைக்குக் கணக்கெல்லாம் இல்லை. மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது.

விலகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் குழுவில் இருந்த ஒரு பெயின்டரை என் பழைய வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பினேன். அவர் வேலையை நான் பார்த்ததே இல்லை. அந்த வாரம் எனக்குச் சொல்ல ஒரு பரிந்துரை வேண்டுமே, அதற்காக அனுப்பினேன். முன்பணம் வாங்கிக்கொண்டு பாதிச் சுவரோடு போய்விட்டார். அந்த வாடிக்கையாளர் பெயின்டரைத் திட்டவில்லை. என்னிடம் வருவதை நிறுத்திவிட்டார். பத்து வருஷப் பழக்கம். வாராவாரம் எண்ணிக்கை கேட்கிற இடத்தில் இது நடக்கத்தான் செய்யும்.

பேரேடு (வெள்ளி, பகல் 12:10)

துளசி சொன்னதுதான் இந்த முறையின் பெரிய ஓட்டை. எண்ணிக்கைக்காகக் கொடுப்பது. நான் செய்வது: ஒருவரிடம் நானே ஒரு சின்ன வேலை கொடுத்துப் பார்க்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை. அந்த வாரம் சொல்ல ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லை என்று எழுந்து சொல்லிவிடுவேன். முதல் தடவை கூச்சமாக இருந்தது.

பீனிக்ஸ் தம்பி (வெள்ளி, மாலை 6:30)

சட்டப் பக்கம் இரண்டு விஷயம்.

மின்கம்பி அண்ணனிடம் "யார் நம்பர் கொடுத்தது" என்று கேட்டார்களே, அவர்கள் கேட்டது நியாயம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் பொப்பியா என்கிறோமே, 2021 ஜூலை 1 முதல் முழுமையாகப் பிடிக்கிறது. சம்மதம் இல்லாமல் ஒருவர் நம்பரை எடுத்து மெசேஜ் போட்டு விற்க முடியாது. சட்டத்தை விடுங்கள், வியாபாரத்துக்கே அது கேடு. "நம்பரைக் கொடுக்காதீர்கள், அவரிடம் முதலில் என்னைப் பற்றிச் சொல்லி, கூப்பிடலாமா என்று கேட்டுவிட்டு இருவரையும் ஒரே மெசேஜில் சேர்த்துவிடுங்கள்" என்று உங்கள் குழுவில் சொல்லுங்கள். ஐந்தில் இரண்டு வீணாகாது.

இரண்டாவது, அந்த ஏஜென்ட் அம்மாவுக்குக் கமிஷன் கிமிஷன் என்று எதுவும் பேசாதீர்கள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ப்ராப்பர்ட்டி ப்ராக்டிஷனர்ஸ் சட்டப்படி, குறிப்பிட்ட ஒரு ஆளிடம்தான் போக வேண்டும் என்று விற்பவரையோ வாங்குபவரையோ தள்ளுகிற ஏற்பாட்டில் ஏஜென்ட் இறங்கக் கூடாது. நான்கு பேர் இருக்கிற பட்டியலில் உங்கள் பெயரும் இருந்தால் போதும். நான்கில் யார் முதலில் போனை எடுக்கிறார் என்பதுதான் மிச்சம்.

மிட்ராண்ட் மின்கம்பி (வெள்ளி, இரவு 9:55)

எல்லோருக்கும் நன்றி. அந்தம்மாவோடு செவ்வாய்க்கிழமை காபி. போய்வந்து எழுதுகிறேன். துளசி அக்கா எழுதியதைப் படித்ததும் வயிற்றைப் பிசைகிறது. போன மாதம் நானும் ஒருவரை அப்படித்தான் அனுப்பினேன். நாளை காலை முதல் வேலை அந்த வீட்டுக்குப் போன் போட்டு வேலை எப்படி நடந்தது என்று கேட்பதுதான்.

லெனேசியா வாத்தியார் (சனி, காலை 10:20)

நான் கூட்டத்துக்கே போனதில்லை என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். புரட்டாசியில் அந்தக் காலை உணவை என்ன செய்கிறீர்கள்?

சாட்ஸ்வொர்த் அக்கா (சனி, பகல் 12:00)

முதல் வருஷம் டோஸ்டும் தக்காளியும். இரண்டாம் வருஷம் நானே உளுந்து வடை போட்டு எடுத்துப் போனேன். ஹோட்டல்காரர் முறைத்தார். ஆனால் அந்த வடையைத் தின்றுவிட்டு ஒரு பல் டாக்டர் தன் ஆபீஸ் ஆண்டு இறுதி விருந்தை எனக்குக் கொடுத்தார். அன்றைக்கு என் ஒரு நிமிடத்தில் நான் பேசவே இல்லை, தட்டைத்தான் சுற்றவிட்டேன்.

மிட்ராண்ட் மின்கம்பி (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:30)

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஏஜென்ட் அம்மாவோடு ஒரு மணி நேரம் என்று போனது இரண்டு மணி நேரம் ஆனது. விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு இருந்த ஒரே குறை, எலக்ட்ரீஷியன் "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லி நான்கு நாள் கழித்து வருவது. போன வருஷம் அதனாலேயே ஒரு பதிவு தள்ளிப்போய், வாங்கியவர் சாமான் வண்டியோடு தெருவில் நின்றாராம். "சொன்ன நாளில் வருவேன், வர முடியாவிட்டால் காலை எட்டு மணிக்குள் சொல்லிவிடுவேன்" என்றேன். அவ்வளவுதான் நான் விற்றது.

இதுவரை நான்கு சிஓசி வந்திருக்கிறது. ஒன்றில் டிபி போர்டையே மாற்ற வேண்டியிருந்தது. எர்த் லீக்கேஜ் (மின்சாரம் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) வேலையே செய்யவில்லை. அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள் வேறு. இன்னொரு வீட்டை வாங்கியவர் இப்போது பின்கட்டுக்கு முழு வயரிங் கேட்கிறார். நல்லது.

நல்லதல்லாததும் உண்டு. விற்பவர்களில் இரண்டு பேர் "பதிவு முடிந்து காசு வந்ததும் தருகிறேன்" என்றார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். ஒரு பதிவு இன்னும் முடியவில்லை. பையன்களுக்கு வெள்ளிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும், பத்திரப்பதிவு அலுவலகம் வேகமாக இருக்கிறதா மெதுவாக இருக்கிறதா என்று அவர்களுக்கு என்ன? இனிமேல் பாதி முன்பணம். பீனிக்ஸ் தம்பி, இதை நீங்கள் முன்பே சொல்லியிருக்கலாம்.

நான் அனுப்பிய ஆள், அதாவது அந்த டைல்ஸ்காரர், வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். தப்பித்தேன்.

புதுப்பிப்பு விஷயம். உண்மையைச் சொன்னால் கடைசி வாரம்வரை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஏஜென்ட் அம்மாவை எனக்குத் தெரிந்துவிட்டது, இனி எதற்கு வியாழக்கிழமை? அப்புறம் பார்த்தால், சென்சூரியனிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் விருந்தாளியாக வந்தார். அடுத்த வாரமும் வந்தார். என் நாற்காலியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இடைவேளையில் ஏஜென்ட் அம்மாவிடம் போய் கார்டை நீட்டினார். அன்றைக்கே பணத்தைக் கட்டிவிட்டேன்.

ஃபோர்ட்ஸ்பர்க் மளிகை (ஞாயிறு, மாலை 5:02)

ஆக 9,000 ராண்ட் ஒரு நாற்காலிக்கு.

மிட்ராண்ட் மின்கம்பி (ஞாயிறு, மாலை 5:10)

ஆமாம். குஷன் வைத்த நாற்காலி. அடுத்த வியாழன் என் பத்து நிமிடம். ஸ்லைடு எதுவும் போடவில்லை. அந்த வீட்டிலிருந்து கழற்றிய பழைய டிபி போர்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைக்கப்போகிறேன். உள்ளே கருகிய வயர் இரண்டு அங்குலம் இருக்கிறது.

சாட்ஸ்வொர்த் அக்கா (ஞாயிறு, மாலை 6:40)

மேசையில் பேப்பர் விரித்து வை தம்பி. எல்லாரும் சாப்பிடுகிற இடம்.